ரெய்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிவியில் யாராவது ஒரு பெரிய புள்ளியின் வீட்டு வாசலில் வரிசையாகக் கார்கள் நிற்கிற காட்சி ஓட ஆரம்பித்தால் போதும், அன்று சாயங்காலத்துக்குள் ‘ரெய்டு’ என்ற சொல்லைப் பற்றி என்னிடம் யாராவது கேட்டுவிடுவார்கள். போட்டித் தேர்வுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவன் நான், அதனால் மாணவர்கள் கேட்பார்கள், சில சமயம் அவர்களைக் கொண்டுவந்து விடுகிற அப்பாக்களும் கேட்பார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான், எனவே பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

1. ரெய்டுன்னா சோதனைதானே சார், இதுல விளக்கறதுக்கு என்ன இருக்கு?

நம் செய்தித்தாள்களில் சோதனைதான். ஆனால் ஆங்கிலத்தில் அது பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்ட பொருள். அடிப்படைப் பொருள் இது: கொஞ்சம் பேர், எதிர்பாராத நேரத்தில், அடுத்தவன் எல்லைக்குள் புகுந்து, எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டோ உடைக்க வேண்டியதை உடைத்துவிட்டோ வந்த வழியே திரும்பிவிடுவது.

இதில் ‘திடீர்’ என்பதைத்தான் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது கடைசித் துண்டு, அதாவது திரும்பி வருவது. போன இடத்திலேயே கொடி நட்டு உட்கார்ந்துவிட்டால் அதை ஆங்கிலத்தில் ரெய்டு என்று சொல்ல மாட்டார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

2. அட்டாக், இன்வேஷன், ரெய்டு எல்லாம் ஒண்ணுதானே? எதை எங்க போடறதுன்னு குழப்பமா இருக்கு.

அட்டாக் என்பது பொதுச்சொல், அதை எங்கேயும் போடலாம். இன்வேஷன் என்றால் படையெடுப்பு, பிடித்து வைத்துக்கொள்ளும் எண்ணத்தோடு உள்ளே போவது. ரெய்டு என்றால் போய்விட்டு வருவது.

இரண்டாம் உலகப் போரில் இதற்குக் கச்சிதமான உதாரணம் உண்டு. 1942 ஆகஸ்ட் 19 அன்று, பெரும்பாலும் கனடாக்காரர்கள் அடங்கிய சுமார் ஆறாயிரம் பேர் பிரான்சின் வடகரையில் தியெப் என்ற ஊரில் இறங்கினார்கள். காலையில் இறங்கி, மதியத்துக்குள் மிச்சம் மீதி ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். கனடா வீரர்கள் மட்டுமே 900 பேருக்கு மேல் செத்தார்கள், இத்தனைக்கும் திட்டமே கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திரும்புவதுதான். அது தியெப் ரெய்டு. 1944 ஜூன் 6 அன்று அதே நாட்டின் அதே வடகரையில், நார்மண்டியில், அதே ஜெர்மானியர்களை எதிர்த்து இறங்கியவர்கள் திரும்புவதற்காக இறங்கவில்லை. அது இன்வேஷன். கடலும் எதிரியும் மாறவில்லை, வந்த நோக்கம்தான் வேறு.

3. ஆம்புஷ், பிளிட்ஸ்னும் படிக்கிறோமே?

ஆம்புஷ் என்றால் பதுங்கித் தாக்குவது. அதற்குள் இருப்பது பழைய பிரெஞ்சில் காட்டைக் குறிக்கும் சொல், அதாவது புதருக்குள் ஒளிந்திருந்து பாய்வது. ரெய்டில் நாம் எதிரியைத் தேடிப் போகிறோம், ஆம்புஷில் அவன் வரும்வரை காத்திருக்கிறோம். பிளிட்ஸ் ஜெர்மன் மொழியில் மின்னல். 1940 செப்டம்பரிலிருந்து 1941 மே வரை லண்டன் மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்ட காலத்துக்குப் பெயரே பிளிட்ஸ். ஒவ்வொரு இரவும் வந்து போனது ஒரு ரெய்டு, அத்தனையும் சேர்ந்தது பிளிட்ஸ்.

4. சரி, ரெய்டுங்கற வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சு?

குதிரை மேலிருந்து. பழைய ஆங்கிலத்தில் ‘ராட்’ என்று ஒரு சொல் இருந்தது, ‘ஆ’ நெடிலோடு. குதிரைச் சவாரி, பயணம், குதிரையேறிப் படையாகப் போவது எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். இன்று நாம் ‘ரைடு’ என்கிற சவாரி வினைச்சொல்லின் உடன்பிறப்பு அது. அந்தக் காலக் கவிஞர்கள் கடலைத் ‘திமிங்கிலத்தின் ராட்’ என்று பாடியிருக்கிறார்கள், திமிங்கிலம் சவாரி போகிற வெளி என்று.

அந்த ‘ராட்’தான் பிற்பாடு இரண்டாகப் பிரிந்தது. ஒன்று ரோடு, இன்னொன்று ரெய்டு.

5. ரோடும் ரெய்டும் ஒரே வார்த்தையா? சும்மா ஓசை ஒத்துப்போறதை வெச்சுச் சொல்றீங்களா?

ஓசை ஒத்துப்போவதை மட்டும் வைத்து மூலம் சொல்வது தப்பு என்பதில் உங்களோடு நான் ஒத்துப்போகிறேன், கேள்வி 15-இல் அப்படி ஒன்றை வெட்டியும் விட்டிருக்கிறேன். ஆனால் இது வேறு. தென் இங்கிலாந்தில் பழைய ‘ஆ’ ஒலி ‘ஓ’ ஆகிவிட்டது, வடக்கே ஸ்காட்லாந்தில் ‘ஏ’ பக்கம் போனது. ‘ஸ்டான்’ என்ற பழைய சொல் தெற்கே ஸ்டோன், வடக்கே ஸ்டேன். ‘ஹாம்’ தெற்கே ஹோம், வடக்கே ஹேம். ‘பான்’ தெற்கே போன், அதாவது எலும்பு, வடக்கே பேன். இதே வரிசையில் ‘ராட்’ தெற்கே ரோடு, வடக்கே ரெய்டு, அதாவது குதிரையேறிக் கொள்ளைக்குப் போவது. ஒரு சொல்லுக்கு மட்டும் நடந்திருந்தால் தற்செயல் என்று தள்ளிவிடலாம், வரிசையாக நடந்தால் அதுதான் விதி.

இன்னும் சந்தேகம் இருந்தால் 1611-இல் அச்சான ஆங்கில பைபிளைப் பாருங்கள். முதலாம் சாமுவேல் 27:10-இல் ஆகீஸ் ராஜா தாவீதிடம், இன்றைக்கு எங்கே போய்க் கொள்ளையடித்தீர்கள் என்று கேட்கிறான். அங்கே கொள்ளைக்குப் போட்டிருக்கும் சொல் ரோடு! அவர்களுக்கு அது விசித்திரமாகத் தெரியவில்லை, ஏனென்றால் ரோடு என்றால் பாதை என்ற பொருளே அதற்குச் சற்று முன்புதான் பரவ ஆரம்பித்திருந்தது. பிற்கால ஆங்கில பைபிள்கள் பலவற்றில் அதே இடத்தில் ரெய்டு என்று இருக்கும். ‘இன்ரோடு’ என்ற சொல்லும் அப்படித்தான், முதலில் அதற்கு எதிரி எல்லைக்குள் புகுவது என்றே பொருள்.

நம்மூர்ச் சங்கதி ஒன்று. பழைய ஆங்கிலேய ஆவணங்களில் ‘மெட்ராஸ் ரோட்ஸ்’ என்று வரும், அதைச் சென்னைச் சாலைகள் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். துறைமுகம் கட்டுவதற்கு முன்பு கப்பல்கள் கரையிலிருந்து தள்ளிக் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும், ஆட்களும் சரக்கும் மசூலா படகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வரும். கப்பல் அப்படி நிற்கிற கடல் பரப்புக்குத்தான் ரோட்ஸ் என்று பெயர். நங்கூரத்தில் நிற்கும் கப்பலைச் சவாரி செய்கிறது என்றுதான் ஆங்கில மாலுமி சொல்வான். அதே பழைய ‘ராட்’.

6. அந்த ஸ்காட்லாந்துக் குதிரைக்காரங்க யாரு? எதுக்காக ரெய்டு போனாங்க?

மாட்டுக்காக. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவே இருந்த எல்லை நிலம், ஏறக்குறைய 13-ஆம் நூற்றாண்டிலிருந்து 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, யார் பேச்சும் செல்லாத பூமியாக இருந்தது. படைகள் மாறி மாறி வந்து பயிரை எரித்துவிட்டுப் போன இடத்தில் விவசாயம் செய்து பிழைப்பதைவிடப் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து மாட்டை ஓட்டிக்கொண்டு வருவது நிச்சயமான பிழைப்பாகிவிட்டது. ஆம்ஸ்ட்ராங், எலியட், கிரஹாம், கெர், நிக்சன், ஸ்காட் என்று குலம் குலமாக இதைச் செய்தார்கள். எல்லையின் இரண்டு பக்கமும் செய்தார்கள், சொந்த நாட்டுக்காரன் மாட்டையும் விட்டுவைக்கவில்லை. இவர்களுக்கு ரீவர்கள் என்று பெயர். இரவு நீளமாகவும் மாடு கொழுத்தும் இருக்கிற இலையுதிர்காலம் பிறந்ததும் சீசன் தொடங்கிவிடும்.

ஸ்காட் குலத்தில் ஹார்டன் என்ற இடத்து வாட் என்பவனைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். வீட்டில் இறைச்சி தீர்ந்துபோனால் அவன் மனைவி சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்து புலம்பிக்கொண்டிருக்க மாட்டாளாம். சாப்பாட்டு மேசையில் மூடிய தட்டு ஒன்றை வைப்பாளாம். மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு ஜோடி குதிமுள், குதிரையை விரட்டச் செருப்பில் மாட்டுகிற இரும்பு முள். கிளம்புங்க ஐயா என்று அர்த்தம்.

மாட்டைப் பறிகொடுத்தவனுக்கும் சட்டம் ஒரு வழி வைத்திருந்தது. ஆறு நாளுக்குள் என்றால் வேட்டை நாயோடும் கொம்போசையோடும் எல்லை தாண்டித் துரத்திப் போகலாம், ஈட்டி நுனியில் எரிகிற புல்கட்டி ஒன்றைக் குத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் அது திருட்டுப் பயணம் இல்லை, மீட்கப் போகிற பயணம் என்று வழியில் இருப்பவர்களுக்குத் தெரியும். வழியில் எதிர்ப்படுகிறவனும் கூடச் சேர்ந்து துரத்த வேண்டும் என்பது சட்டம். 1603-இல் இரண்டு நாட்டுக்கும் ஒரே ராஜா வந்ததும் எல்லைக்கு வேலை இல்லாமல் போனது, ரீவர்களைப் பிடித்துத் தூக்கில் போட்டும் நாடு கடத்தியும் முடித்தார்கள். ‘பிளாக்மெயில்’ என்ற சொல்லும் இந்தப் பூமியில் பிறந்ததுதான், உன் மாட்டைத் தொடாமல் இருக்க எனக்குக் கட்டு என்று வாங்கிய கப்பம். நிலாவில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் 1972-இல் அந்த எல்லை ஊர்களில் ஒன்றான லாங்கமுக்குப் போனபோது மூதாதையர் ஊருக்கு வந்தவராகவே அவரைக் கொண்டாடி ஊரின் கௌரவக் குடிமகனாக்கினார்கள்.

7. அப்போ அந்தக் காலத்துலேர்ந்தே இங்கிலீஷ்ல எல்லாரும் ரெய்டுன்னு சொல்லிட்டு இருந்தாங்களா?

இல்லை. அது ஸ்காட்லாந்துப் பேச்சில் மட்டும் இருந்த சொல், 17-ஆம் நூற்றாண்டில் அங்கேயே மங்கிவிட்டது. அதைத் தூசி தட்டி எடுத்தவர் வால்டர் ஸ்காட். 1805-இல் வந்த அவருடைய நெடுங்கவிதையிலும் பிறகு ராப் ராய் நாவலிலும் இந்தச் சொல் வருகிறது, அவற்றை இங்கிலாந்து முழுக்க விழுந்து விழுந்து படித்தார்கள். முன் பதிலில் வந்த ஹார்டன் வாட் இவருடைய நேரடி மூதாதை, ஆகவே வீட்டுச் சொத்தைத்தான் எடுத்துக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதன்பிறகு சொல் வேகமாக ஊர் சுற்றியது. 1859-இல் அமெரிக்காவில் அடிமை முறையை எதிர்த்த ஜான் பிரவுன் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக் கிடங்கில் புகுந்தது ரெய்டு. அடுத்து வந்த உள்நாட்டுப் போரில் குதிரைப்படைகள் எதிரிப் பகுதிக்குள் போய் ரயில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு வந்ததெல்லாம் ரெய்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போலீஸ்காரர்கள் சூதாட்ட விடுதியில் நுழைந்ததற்கும் அதே சொல்லைப் போட்டுவிட்டார்கள். திருடன் செய்த வேலையின் பெயர் போலீஸ் செய்கிற வேலைக்கு வந்த கதை இதுதான்.

8. சட்டத்துல ரெய்டுன்னே இல்லையாமே, உண்மையா?

பெயராக இல்லை. 2026 மார்ச் வரை நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 132-ஆம் பிரிவு தேடுவதையும் கைப்பற்றுவதையும் பற்றியது, தலைப்பும் அதுவே. ரெய்டு என்பது பத்திரிகையும் ஜனங்களும் வைத்த பெயர். வந்த அதிகாரி நான் ரெய்டுக்கு வந்திருக்கிறேன் என்று எழுதித் தர மாட்டார், தேடுவதற்கான அதிகார ஆணையைக் காட்டுவார், அக்கம்பக்கத்திலிருந்து குறைந்தது இரண்டு சாட்சிகளைக் கூப்பிட்டு உட்கார வைப்பார், எடுத்த ஒவ்வொரு பொருளையும் மகஜரில் எழுதிக் கையெழுத்து வாங்குவார். வீட்டில் பெண்களைச் சோதிக்க வேண்டியிருந்தால் பெண்தான் சோதிக்க வேண்டும்.

நகையைப் பற்றிக் கேட்காதவர்கள் குறைவு என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1994 மே மாதம் மத்திய நேரடி வரிகள் வாரியம் தன் அதிகாரிகளுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது: மணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250 கிராம், ஆணுக்கு 100 கிராம் வரை தங்க நகையைப் பறிமுதல் செய்ய வேண்டாம் என்று. அது பறிமுதலுக்கான அளவுதான், கணக்கு கேட்கவே மாட்டார்கள் என்று அர்த்தமில்லை.

9. எங்க கடைக்கு சர்வேன்னு வந்தாங்க, சொந்தக்காரங்க எல்லாம் ரெய்டுன்னு பரப்பிட்டாங்க. எது சரி?

வந்த அதிகாரிகள் சொன்னதுதான் சரி, சர்வே. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 133ஏ பிரிவு. தொழில் நடக்கிற இடத்துக்கு, தொழில் நடக்கிற நேரத்தில் வருவார்கள், கணக்குப் புத்தகம், கையிருப்பு, சரக்கு எல்லாம் பார்ப்பார்கள். கணக்குப் புத்தகங்களைத் தக்க காரணம் எழுதி எடுத்துப்போகலாம், பணத்தையும் சரக்கையும் எடுத்துப்போக முடியாது. தேடுதல் என்றால் வீட்டுக்கும் வரலாம், பூட்டைத் திறக்க மறுத்தால் உடைக்கலாம், கணக்கில் வராத பணத்தையும் நகையையும் கைப்பற்றலாம்.

முதல் பதிலில் சொன்ன அளவுகோலையே இங்கேயும் வைத்துப் பாருங்கள். புகுந்து எடுத்துக்கொண்டு போகிற அதிகாரம் இருப்பதுதான் ரெய்டுக்குப் பக்கத்தில் வருகிறது. சொந்தக்காரர்களுக்கு இதையெல்லாம் விளக்கி ஒன்றும் ஆகப்போவதில்லை, அது வேறு விஷயம்.

10. ஏர் ரெய்டுங்கறாங்களே, விமானத்துல வர்றவன் எதையும் எடுத்துட்டுப் போறதில்லையே?

எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, போட்டுவிட்டும் போகலாம். வந்தான், அடித்தான், திரும்பினான் என்பது விமானத்துக்குத்தான் ரொம்பப் பொருந்தும், ஏனென்றால் அதனால் வானத்திலேயே தங்க முடியாது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்பைத் தாக்கிவிட்டுப் போனது வரலாற்றில் ஈஸ்டர் ஞாயிறு ரெய்டு என்றே இருக்கிறது. நாலு நாள் கழித்து திருகோணமலை. அந்த மாதம் சென்னையிலும் பீதி பரவி ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு உள்மாவட்டங்களுக்குக் கிளம்பினார்கள், அரசு அலுவலகங்களே இடம் மாறின.

கப்பலிலும் ரெய்டு உண்டு. வணிகக் கப்பல்களைத் தேடிப் போய் மூழ்கடிக்கிற போர்க்கப்பலுக்கு ரெய்டர் என்றே பெயர். அதில் புகழ்பெற்றது ஜெர்மனியின் எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக்கு முன்னால் வந்து நின்று, விளக்குப் போட்டுக் குறி பார்த்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை எரியவிட்டு, அரை மணி நேரத்தில் இருட்டில் மறைந்துவிட்டது. அவ்வளவு கச்சிதம். அதன்பிறகு தமிழில் கில்லாடி ஆளை ‘அவன் பெரிய எம்டன்’ என்று சொல்ல ஆரம்பித்தோம். அந்தக் கப்பலை நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பல் அடித்து நொறுக்கியது.

11. பேர்ல் ஹார்பர்லயும் ஜப்பான்காரன் வந்துட்டுத் திரும்பிட்டான். அப்புறம் ஏன் அதை அட்டாக்னு சொல்றாங்க?

நல்ல கேள்வி, இதை நம்மூர் வினாத்தாள்களில் யாரும் கேட்க மாட்டார்கள். எல்லா ரெய்டும் அட்டாக்தான், ஆகவே அட்டாக் என்பது தப்பில்லை. நிகழ்ச்சி ஒரு நாட்டையே போருக்குள் இழுத்துவிட்டால் ரெய்டு என்ற சொல் அதற்குச் சின்னதாகப் போய்விடுகிறது, அதுதான் காரணம். ஆனால் 1941 டிசம்பர் 7 காலையில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது அங்கிருந்து போன பிரபலமான ரேடியோ செய்தியில், பேர்ல் ஹார்பர் மீது ஏர் ரெய்டு, இது பயிற்சி இல்லை என்றுதான் இருந்தது.

இதற்கு நேர் எதிரான கேஸ் ஜேம்சன் ரெய்டு. 1895 டிசம்பர் 29 அன்று ஜேம்சன் என்பவர் அறுநூறு சொச்சம் பேரோடு தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலுக்குள் புகுந்தார். எண்ணம் போய்விட்டு வருவது இல்லை, ஜோகன்னஸ்பர்க்கில் கலகம் வெடிக்கும், அதோடு சேர்ந்து குரூகர் அரசைக் கவிழ்த்துவிடலாம் என்பது. கலகம் வெடிக்கவில்லை, ஜனவரி 2 அன்று சரணடைந்தார்கள். ஜெயித்திருந்தால் புரட்சி என்று பெயர் வந்திருக்கும், தோற்றதால் ரெய்டு. பெயர் வைப்பது பின்னால் வருகிறவர்கள் வேலை, அவர்கள் என் அளவுகோலைக் கேட்டுக்கொண்டு வைப்பதில்லை.

12. கபடியில ரைடரா ரெய்டரா? ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி எழுதறாங்க.

ஆங்கிலச் சொல் ரெய்டர். ரைடர் என்றால் பைக்கோ குதிரையோ ஓட்டுகிறவர். ஆனால் கேள்வி 4-இல் பார்த்தபடி இரண்டும் ஒரே வேர், அதனால் ரைடர் என்று எழுதுகிறவர்மேல் எனக்குப் பெரிய கோபம் வருவதில்லை. ‘பாடிப் போறான்’ என்று சொல்கிற ஊர்களில் இந்தப் பிரச்சினையே கிடையாது.

இந்தச் சொல்லின் முழுப் பொருளையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டும் என்றால் கபடிதான் பார்க்க வேண்டும். 30 விநாடி. கோட்டைத் தாண்டி ஏழு பேர் நிற்கிற களத்துக்குள் ஒருவன் தனியாகப் போகிறான். தொட்டால் மட்டும் புள்ளி இல்லை, தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். நாலு பேரைத் தொட்டவனையும் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் கணுக்காலைப் பிடித்து அமுக்கிவிட்டால் அந்த நாலும் போச்சு. விரல் நுனி கோட்டைத் தொட்டால் நாலும் வந்தது. தியெப்பில் இறங்கியவர்களுக்கு இருந்ததும் இதே கணக்குதான்.

13. கம்ப்யூட்டர்ல ரெய்டுன்னு ஒண்ணு இருக்கே, அது ஹேக்கிங் சம்பந்தப்பட்டதா?

சம்பந்தமே இல்லை. அது நாலு சொற்களின் முதலெழுத்து. 1988-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் வந்த பெயர். விலை அதிகமான ஒரே பெரிய டிஸ்க்குக்குப் பதில் விலை குறைந்த சின்ன டிஸ்க்குகள் பலவற்றை அணியாகச் சேர்த்து, ஒன்று போனாலும் தகவல் போகாமல் வைப்பது யோசனை. நாலு சொல்லில் ஒன்று ‘மலிவான’ என்பது, டிஸ்க் விற்கிற கம்பெனிகளுக்கு அது உறுத்தியதோ என்னவோ, பிற்பாடு அதே எழுத்தில் தொடங்கும் ‘தனித்தனியான’ என்ற சொல்லாக அது மாறிவிட்டது.

ஒரு வேடிக்கை உண்டு. அந்த நாலில் ‘அரே’, அதாவது அணிவரிசை என்ற சொல், பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்தாலும், அதன் அடியிலும் சவாரிக்குத் தயாராக நிற்பதைக் குறிக்கும் அதே ஜெர்மானிய வேர்தான் இருக்கிறது என்று சொற்பிறப்பு அகராதிகள் சொல்கின்றன. ‘ரெடி’ என்ற சொல்லையும் அந்தக் குடும்பத்தில்தான் சேர்க்கிறார்கள். பெயர் வைத்தவர்கள் அதை யோசித்திருக்க மாட்டார்கள். கூடவே ஒரு எச்சரிக்கை, ரெய்டு போட்டிருக்கிறோம் என்று பேக்கப் எடுக்காமல் இருந்துவிடாதீர்கள். தவறி அழித்த ஃபைல் எல்லா டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் அழியும்.

14. ஷேர் மார்க்கெட், பூச்சி மருந்து, வீடியோ கேம், எல்லாத்துலயும் ரெய்டு இருக்கே?

எல்லாம் உருவகம்தான். ஒரு கம்பெனியின் பங்குகளைச் சத்தமில்லாமல் வாங்கிக் குவித்து நிர்வாகத்தைப் பிடிக்கப் பார்க்கிறவர் கார்ப்பரேட் ரெய்டர். 1983-இல் லண்டன் தொழிலதிபர் ஸ்வராஜ் பால் எஸ்கார்ட்ஸ், டிசிஎம் இரண்டு கம்பெனிகளின் பங்குகளை வாங்கியபோது இந்தியப் பத்திரிகைகளுக்கு இந்தச் சொல் பழக்கமானது. பூச்சி மருந்து 1950-களில் வந்த அமெரிக்க பிராண்ட், திடீரென்று அடித்து ஒழிப்பது என்ற கருத்தில் வைத்த பெயர். கேமில் பெரிய பூதத்தை வீழ்த்தப் பல பேர் சேர்ந்து போவது ரெய்டு, கிடைத்ததைப் பங்கு பிரித்துக்கொண்டு திரும்புவதால் ரீவர்களுக்கு ரொம்ப நெருக்கம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஃபிரிட்ஜைத் திறந்து மிச்ச ஐஸ்கிரீமைக் காலி செய்வதையும் ஆங்கிலத்தில் ரெய்டு என்பார்கள்.

15. ராயித்னு முஸ்லிம் பெயர் இருக்கே, ரெய்டு அரபியிலேர்ந்து வந்துச்சுன்னு ஒரு வீடியோல பார்த்தேன்.

இல்லை. அரபியில் ராயித் என்றால் முன்னால் போய்ப் பார்த்து வழிகாட்டுகிறவர், முன்னோடி. ரெய்டு வந்த வழி கேள்வி 5-இல் இருக்கிறது. ஓசை மட்டும் ஒத்துப்போகிறது.

ஆனால் அரபியிலிருந்து உண்மையாகவே ஐரோப்பாவுக்குப் போன கொள்ளைச் சொல் ஒன்று உண்டு. அல்ஜீரிய அரபியில் திடீரென்று புகுந்து கால்நடையை ஓட்டிப்போவதற்கு ‘காஸியா’ மாதிரியான ஒரு சொல், அதை 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் ‘ராஸியா’ ஆக்கினார்கள், அங்கிருந்து ஜெர்மனுக்குப் போய், இன்று ஜெர்மன் செய்தித்தாளில் போலீஸ் ரெய்டுக்கு அதுதான் சொல். மாட்டுக் கொள்ளையில் தொடங்கிப் போலீஸ் சோதனையில் போய் நிற்கிற அதே பாதை, வேறொரு மொழியில். பிரெஞ்சில் ரெய்டு என்று சொன்னால் நீண்ட தூர சாகசப் பயணத்தையும் குறிக்கும், போதாததற்கு 1985-இல் தொடங்கிய அவர்களுடைய சிறப்புப் போலீஸ் படையின் சுருக்கப் பெயரும் ரெய்டு.

16. தமிழ்ல ரெய்டுக்கு நல்ல வார்த்தை இருக்கா? ‘அதிரடி சோதனை’ன்னு கேட்டுக் கேட்டுப் புளிச்சுப்போச்சு.

எந்த ரெய்டு என்பதைப் பொறுத்தது. அலுவலக ரெய்டுக்குச் சோதனை போதும், ‘அதிரடி’யை எடுத்துவிடலாம், சொல்லிவிட்டா வருவார்கள்? விமானத்துக்கு வான்தாக்குதல். ஆனால் ஆதிப் பொருளில், மாட்டுக்காகப் போகிற ரெய்டுக்கு, நம்மிடம் இருப்பது போல் ஆங்கிலத்திடமே இல்லை. ஆநிரை கவர்வது வெட்சி, அதைத் துரத்திப்போய் மீட்பது கரந்தை. தொல்காப்பியம் இரண்டையும் வெட்சிக்குள்ளேயே வைக்கிறது, பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலை கரந்தையைத் தனித் திணையாகப் பிரிக்கிறது. ஈட்டி நுனியில் நெருப்போடு துரத்திய ஸ்காட்லாந்துக்காரனுக்கு நாம் தாராளமாகக் கரந்தைப்பூ சூட்டலாம்.

அந்தச் செயலுக்கு நேர்ச்சொல் ‘ஆகோள்’, ஆவைக் கொள்வது. 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தன, அவற்றில் ஒன்றில் ‘கூடல் ஊர் ஆகோள்’ என்று வருகிறது. கூடலூரில் நடந்த மாட்டு ரெய்டில் செத்த தீயன் அந்தவன் என்பவனுக்கு எடுத்த கல் அது. கூடலூர் இன்றும் அதே மாவட்டத்தில் இருக்கிறது. வருமான வரிக்காரர்கள் வந்ததை ஆகோள் என்று எழுதச் சொல்லவில்லை, பழைய இங்கிலாந்துக் கதை மொழிபெயர்க்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

17. கடைசியா ஒண்ணு சார், ரெய்டு பண்ணாங்களா, அடிச்சாங்களா, விட்டாங்களா, வந்துச்சா?

நாலும் உண்டு, நாலும் வேறு. ‘பண்ணாங்க’ என்பது செய்தி. ‘வந்துச்சு’ என்பது வாங்கிக்கொண்டவர் சொல்வது, மழை வந்துச்சு மாதிரி, யார் அனுப்பினார்கள் என்று சொல்ல விருப்பமில்லாதபோது. ‘அடிச்சாங்க’ என்பது பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது, அதில் லேசாக ஒரு சந்தோஷமும் இருக்கும். ‘ரெய்டு விடறது’ மட்டும் ஹாஸ்டலுக்கு உரியது, வார்டன் ராத்திரி பதினொரு மணிக்கு ரூம் ரூமாகப் போய்க் கெட்டிலையும் இண்டக்‌ஷன் அடுப்பையும் தூக்கிக்கொண்டு போவது. பரீட்சையில் இதெல்லாம் வராது. அங்கே எழுதும்போது சோதனை நடத்தினார்கள் என்றே எழுதுங்கள்.